ஈரம் காயாத மூலை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகளுக்கு நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள். "அடுப்படி மூலை இடிச்சிடுச்சு" என்று மாமனார் எல்லாரிடமும் சொன்னார். அந்த மூலையை நான் தடவிப் பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கூரான அந்தச் சுவர்மூலை இரைக்காகக் காத்திருந்த'

(அடித்துவிட்டேன். அது கூரானதல்ல. சுவர் வெளிப்பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டு டைல்ஸின் வெட்டு விளிம்புகள் சந்திக்கும். அப்படியே விட்டால் கத்திதான். மேஸ்திரி அங்கே பீடிங் என்கிற உருண்டையான விளிம்புப் பட்டையை வைத்து மூடியிருந்தார். குழந்தை கன்னத்தை வைத்துத் தேய்த்தாலும் கீறாது.)

நெற்றியைக் கிழித்தது மாமனாரின் மகன், அவள் கணவன், வீசிய எவர்சில்வர் மூடி.

2

மருமகளின் அண்ணன் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். பெரியவர் மேஸ்திரியை வரவழைத்தார். மாமனாரைப் பெரியவர் என்றே சொல்கிறேன்; அந்த நிமிர்ந்த முதுகுக்கு வேறு சொல் பொருந்தவில்லை.

"பீடிங்க எடுத்துடுங்க. விளிம்பு வெளியில தெரியணும்."

"கை பட்டா அறுக்கும் ஐயா. எல்லாரும் மூடத்தான் கூப்பிடுவாங்க. தொறக்கக் கூப்பிட்டது நீங்கதான்."

"சொன்னதைச் செய்யுங்க."

கதவருகே நின்ற மகன், "எதுக்குப்பா இவ்வளவு? அவளையே சொல்லச் சொன்னா முடிஞ்சுது" என்றான்.

"உன் கை அடங்கிக் கெடந்திருந்தா நான் ஏன்டா இந்த மூலையில வந்து நிக்கிறேன்?"

(இந்த ஒரு வரிக்காகப் பெரியவரை மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். குடும்ப மானம் என்றால் எனக்கும் முதுகு நிமிரும். அவரைக் காப்பாற்றத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.)

மேஸ்திரி பீடிங்கைக் கொத்தி எடுத்தார். இடைவெளியில் வெள்ளைச் சிமெண்டை அடைத்தார். பழக்கதோஷம், விளிம்பை மழுக்க உப்புத்தாளை எடுத்தார். பெரியவர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நெற்றிக் கட்டோடு பார்த்துக்கொண்டிருந்த மருமகள் கேட்டாள்: "தினமும் நான்தானே மாமா அங்க நிக்கணும்?"

"பாத்து நில்லும்மா."

(இதற்குப் பிறகு என்னால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை.)

3

ஒரு முடிவு: அண்ணன் வருகிறான், மூலையைப் பார்க்கிறான், மேஸ்திரியைத் திட்டுகிறான், காபி குடித்துவிட்டுப் போகிறான். பெரியவர் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

இன்னொன்று: மருமகள் பையை எடுத்துக்கொண்டு

(வேண்டாம். அவளை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாம் நடந்திருக்கிறது. நானும் கேட்காமல் அவளைக் கிளப்பிவிடக் கூடாது.)

4

அண்ணன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். மேஸ்திரி அப்போதுதான் படி இறங்கியிருந்தார்.

"எந்த மூலை மாமா?"

பெரியவர் காட்டினார். அவன் விளிம்பில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். விரலில் வெட்டு விழுந்தது. இரத்தத்தோடு வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். ஈரச் சிமெண்ட்.

"அதான் சொன்னேனே, கூருன்னு..." என்று தொடங்கிய பெரியவர் அந்த விரலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. விரலைத் தங்கையிடம் நீட்டினான்.

"இது எப்ப வச்சது?"

அவள் விரலைப் பார்த்தாள். பெரியவர் அவளைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

அடுத்த வரி அவளுடையது. அந்த வீட்டில் அவளுக்காகப் பேசியவர்கள் போதும். அவள் வாயில் நானும் வார்த்தை வைக்கமாட்டேன். நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள். அதற்கு முன் எழுந்துபோய் உங்கள் வீட்டு அடுப்படி மூலையை ஒருமுறை தடவிப் பாருங்கள்.