ரூட்டருக்குத் தைத்த சட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவழியில் கையும் களவுமாகப் பிடிபடுவதைவிட அது கொஞ்சம் கௌரவம்.

ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘அதிவேக ஃபைபர் இணைப்பு: வீட்டு வைஃபையில் உண்மையில் எவ்வளவு வேகம் கிடைக்கும்?’ எனக்கு இதெல்லாம் தெரியும் என்று அவர்களிடம் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் வைஃபை நின்றுபோனால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மனைவியைக் கூப்பிடுவேன். அவள் பெட்டியை அணைத்துப் போடுவாள். இதை எவ்வளவு இழுத்தாலும் கட்டுரை ஆகாது.

ஆகவே எங்கள் இணைப்பைப் பார்க்க வந்த டெக்னீஷியனை உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டேன். பொறுமையான மனிதர், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “ஒரு வீட்ல ரூட்டருக்குச் சட்டை தைச்சுப் போட்டிருந்தாங்க சார். காலர் ஒண்ணுதான் இல்ல,” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல சார்.” படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த ‘ஒண்ணுமில்ல’வைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சட்டை அவர் கொடுத்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கட்டுரை இன்னும் போய்ச் சேரவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘தையல்காரரின் வீட்டுக்குள் அவன் நுழைந்தபோது வானம் கறுத்து—’

வானம் எதற்கு? நடப்பதெல்லாம் வீட்டுக்குள். விட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘தலைமுடியைப் போன்ற மெல்லிய கண்ணாடி இழை வழியே ஒளியானது—’

‘ஒளியானது’ என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. விட்டேன்.

மூன்றாவது நிற்கும்போலிருக்கிறது:

அலுவலகத்தில் அவனைக் ‘கம்பி’ என்பார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பான், வேலையும் அதுதான்.* அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் வரவேண்டும் என்று அந்த வீட்டுக்கார அம்மாள் அடம்பிடித்திருந்தார். வியாதி வருகிற நேரத்தில் அல்லவா டாக்டர் பார்க்க வேண்டும்?

[*என் வீட்டுக்கு வந்தபோது ‘அவர்’. கதைக்குள் வந்ததும் ‘அவன்’. எழுதுகிறவர்கள் இப்படித்தான். வீட்டுக்குள் விட்டால் தோளில் கைபோட்டுவிடுவார்கள்.]

கூடத்தில் பாதி தையல் மெஷினுக்கும் வெட்டுமேசைக்கும் போயிருந்தது. அடுக்கில் நூல்கண்டுகள். ஓரத்தில் பள்ளிச் சீருடைக் கால்சட்டைகள், இடுப்பில் சீட்டு குத்தி, தலையில்லாத பிள்ளைகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. சுவரோரம், போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக ஆளுயரக் கண்ணாடி. கழுத்தில் அளவு டேப்புடன் அந்த அம்மாள் மெஷினிலிருந்து எழுந்தார்.

“வாங்க தம்பி. நீங்க எத்தனையாவது ஆளு?” வாயில் கடித்திருந்த குண்டூசி அசைந்ததே தவிர விழவில்லை.

“முன்னாடி யார் வந்தாங்கன்னு எனக்குத் தெரியலக்கா.”

“வந்தவங்க எல்லாம் கூடத்துலயே நின்னு கையில இருக்கிற போனைப் பாத்துட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ன்னுட்டுப் போனாங்க. நல்லா இருந்தா நான் ஏன் கூப்பிடப்போறேன்? உங்க முகத்தையெல்லாம் பாக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?”

“என்ன ஆகுதுக்கா?”

“படம் நிக்குது. ஞாயித்துக்கிழமை மகன் கூப்பிடுவான். பேசிட்டே இருப்பான், அப்படியே நின்னுடுவான். முதல்ல நூறு எம்பி பிளான் போட்டேன். அப்புறம் முந்நூறு. இப்ப ஆயிரம். நின்னா நின்னதுதான்.”

மகன் கடல் தாண்டி ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். போனபிறகு ஒருமுறைகூட வந்ததில்லை. இதை அவர் கம்பியிடம் சொல்லவில்லை. நான் உங்களிடம் சொல்கிறேன்.

“இங்க கூடத்துலயே பேசலாமே?”

“பேசலாம். பாதியில ஒருத்தர் வந்து ஜிப்பு ஏறலம்பாரு. என் புள்ளகிட்ட பேசறப்ப ஊரான் ஜிப்பு எதுக்கு? பின் ரூம்லதான் பேசுவேன்.”

3

கட்டுரையில் போட வைத்திருந்த சரக்கைக் கொஞ்சம் இங்கே இறக்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் அது எங்குமே அச்சேறாது.

ஆயிரம் என்பது வீட்டுச் சுவர்வரை வருகிற எண். விளம்பரத்தில் பொய் இல்லை. வயரைப் பெட்டியிலிருந்து நேராகக் கணினியில் செருகினால் தொள்ளாயிரத்துக்குமேல் காட்டும். வயர் முடிந்து காற்று தொடங்குகிற இடத்தில்தான் கணக்கு மாறுகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தால் ஐந்நூறு, அறுநூறு. அதுவே நல்ல வேகம். ஒரு சுவர் தாண்டினால் பாதி. இரண்டாவது சுவர் தாண்டினால் அதிலும் பாதி, சில வீடுகளில் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதே காற்றில்தான் முட்டிமோதுகின்றன. இரும்பு பீரோ இருந்தால் கஷ்டம். பெரிய கண்ணாடி இருந்தால் இன்னும் கஷ்டம். அதன் முதுகில் பூசிய உலோகம் அலையை வந்த வழியே திருப்பிவிடும்.

இன்னொன்று. யாரும் கேட்காததால் யாரும் சொல்லாதது: முகம் பார்த்துப் பேசுவதற்கு மூன்று நான்கு போதும்.

கம்பி பின்னறையில் அளந்தான். நாற்பது.

நாற்பதில் பத்து மகன்கள் ஒரே நேரத்தில் பேசலாம். அவனுக்கு அது தெரியும். ஆனால் ஆயிரம் நாற்பதாகச் சுருங்குவதை எந்த டெக்னீஷியனும் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டான்.

“ரூட்டர் எங்கக்கா?”

“கண்ணாடிக்குப் பின்னாடி. சுவத்துல ஓட்டை போட்டவரு அங்கதான் போட்டாரு. வயர் தொங்குறது அசிங்கமா இருந்துச்சு, கண்ணாடியை முன்னாடி தள்ளிட்டேன்.”

கண்ணாடியை நகர்த்தினான். பின்னால், சாம்பல் நிறச் சீருடைத் துணியில் கச்சிதமாகத் தைத்த ஓர் உறைக்குள் ரூட்டர் உட்கார்ந்திருந்தது. ஆன்டெனாக்களுக்கு இரண்டு கைகள். முன்பக்கம் வரிசையாகச் சின்னச்சின்னக் காஜாக்கள், பொத்தான் இல்லாமல். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு எட்டிப்பார்த்தது.

“தூசி படியுதுன்னு தைச்சேன். மிச்சத் துணிதான். உள்ள லைனிங் கொடுத்திருக்கேன்.”

“லைனிங் வேறயா? அக்கா, இது ஏற்கெனவே சூட்டுல கிடக்குது. நீங்க ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்கீங்க.”

“காஜா எடுத்தேனே, காத்து போகாதா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வேலையில் குறை கண்டுபிடித்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல அந்தப் பெட்டியையும் ஒருமுறை முறைத்தார்.

கம்பி உறையைக் கழற்றி மேசையில் வைத்தான். ரூட்டரை நூல்கண்டு அடுக்கின் உச்சியில் ஏற்றி, வயரைச் சுவரோடு ஓட்டினான். பின்னறையில் மறுபடி அளந்தான். இருநூற்று ஐம்பது.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். பத்திரிகைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

4

மகனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “அந்தப் பையனை மோசமானவனா மட்டும் ஆக்கிடாதீங்க,” என்றாள்.

“அவன் இன்னும் வாயே திறக்கலையே!”

“உங்களைத் தெரியாதா? அம்மா நல்லவங்கன்னா புள்ளயைத் தூக்கித் தண்ணில போட்டுடுவீங்க.”

அதனால் அவனை ஜாக்கிரதையாக எழுதினேன்.

“சரி அக்கா, நான் வர்றேன்,” என்று கம்பி பையை எடுத்தான்.

“இருப்பா, போயிடாத. அவன் கூப்பிடுற நேரம்தான். நீயே உன் கண்ணால பாரு.” அவர் பேச்சிலிருந்த ‘ங்க’ எப்போது உதிர்ந்தது என்று அவன் கவனிக்கவில்லை.

பின்னறையில், அந்த அம்மாளின் போனில் மகன் வந்தான். படம் துல்லியமாக இருந்தது. இளம் தாடி, உள்ளே போன கன்னங்கள். பின்னால் ஒரு ஜன்னல், அதன் கம்பியில் ஹேங்கரில் மாட்டிய நீலச் சட்டை.

“சாப்டியாடா?”

“சாப்டேம்மா. நீ?”

“ஆச்சு. என்னடா இப்படி மெலிஞ்சிட்டே?”

“கேமரா அப்படிக் காட்டும்மா. பாத்தியா, நீ தைச்சு அனுப்பின சட்டை. துவைச்சு மாட்டியிருக்கேன்.”

“வெயில்ல போடாதடா, சாயம் போயிடும்.”

“இங்க ஏதும்மா வெயில்?”

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் கேட்டார்: “இந்தத் தடவையாவது லீவு கொடுப்பாங்களா? எப்படா வர்றே?”

படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி, கை தாடைக்குப் போகிற வழியில்.

“பாத்தியா?” என்றார் அந்த அம்மாள், திரும்பாமலே.

கம்பி தன் போனைப் பார்த்தான். இருநூற்று நாற்பத்துச் சொச்சம். படத்தைப் பார்த்தான். அசையாத முகம். அதன் பின்னால், ஜன்னலோரத்தில், நீலச் சட்டை மெதுவாக இப்படித் திரும்பி, அப்படித் திரும்பியது. காற்று நுழைந்த சட்டைக் கை ஒன்று சற்றே எழும்பி, தணிந்தது.

[முதல் பிரதியில் இங்கே தேநீர்க் கோப்பையின் ஆவி இருந்தது. பிறகு திரைச்சீலை. மூன்றாவதாகத்தான் சட்டை என்று எழுதினேன். ஆவியாக இருந்தால் கம்பி மட்டும் பார்த்திருப்பான். ஆனால் தான் தைத்த சட்டை கண்முன் தொங்கும்போது ஒரு தையல்காரர் வேறெதைப் பார்ப்பார்?]

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். விரல்கள் கழுத்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தன. மகன் கண் சிமிட்டாமல் இருக்கப் பாடுபட்டான். கம்பி அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.

பிறகு, “ஹலோ... அம்மா... கேக்குதா? இங்க நெட்டு சரியில்லம்மா.”

“இங்கயும் அப்படித்தான்டா. வெச்சுடு. அடுத்த வாரம் பேசுவோம்.”

திரை இருண்டது. கம்பி தொண்டையைச் செருமினான். “அக்கா... நெட்டு வந்து—”

“தோள்பட்டை இறங்கியிருக்கு,” என்றார் அவர். “கழுத்துல ரெண்டு விரல் போகும். பழைய அளவுக்குத் தைச்சா இனிமே தொளதொளன்னு நிக்கும். சின்னதுல அளவெடுக்க நில்லுடான்னா நிக்கவே மாட்டான். டேப்பைப் பிடுங்கிட்டு ஓடுவான். இப்பத்தான் நிக்கிறான்.”

“தெரிஞ்சுமாக்கா ஒவ்வொரு தடவையும் கம்ப்ளெயின்ட் கொடுத்தீங்க?”

“நெட்டா இருந்துடக்கூடாதான்னுதான் கொடுத்தேன்.”

அவர் எழுந்து கூடத்துக்கு வந்தார், கம்பியும் பின்னாலேயே வந்தான். அடுக்கின் உச்சியில் பச்சை விளக்குகள் குறையில்லாமல் எரிந்தன.

“இனிமே நான் என்னத்தைச் சொல்றது? எனக்குப் பொய் வராது தம்பி. இப்ப அவன்கிட்ட சொன்னதுதான் முதல் பொய். மெதுவா வர்றப்ப மெதுவா வருதுன்னு சொன்னா அது பொய்யில்ல. இப்ப நீ நல்லாப் பண்ணிட்டே. நல்லா வருதுன்னு என் வாயால அவனுக்குத் தெரிஞ்சா, அடுத்த வாரம் என்ன பண்ணுவான்? நெட்டு மேல பழி போட முடியலன்னா கூப்பிடவே மாட்டான். நின்ன படத்தையாவது பாத்துட்டிருந்தேன்.” மேசையிலிருந்த உறையை எடுத்து அவனிடம் நீட்டினார். “இதை மாட்டி, பழைய இடத்துலயே வெச்சுடுப்பா. கண்ணாடியையும் தள்ளிடு.”

5

முதல் முடிவு: கம்பி உறையை மாட்டுகிறான், கண்ணாடியைத் தள்ளுகிறான், கிளம்புகிறான். எழுதிப் பார்த்தேன். கருணையாகத்தான் இருந்தது. ஆனால் லைனிங் வைத்த அந்தச் சட்டைக்குள் ரூட்டர் கோடையைத் தாண்டாது. ஒருநாள் மொத்தமாகச் செத்துப்போகும். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்?

இரண்டாம் முடிவு: ‘அக்கா, எப்ப வர்றேன்னு மட்டும் அவன்கிட்ட கேக்காம இருந்து பாருங்களேன், என்று கம்பி—’ பெட்டி பார்க்க வந்தவன் குடும்பம் பார்க்க ஆரம்பித்தால் எப்படி? விட்டேன். சொன்ன யோசனை சரியானதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்க முடிகிற அம்மாவாக அவரை நான் எழுதவில்லை.

மூன்றாம் முடிவு மனைவியுடையது: போன் மணியடிக்கிறது. மகன்தான், திரும்பக் கூப்பிடுகிறான். “எனக்கு இதுதான் வேணும். எழுதுங்க,” என்று பக்கத்திலேயே நின்றாள். எழுதினேன். அம்மா எடுத்தார். திரையில் அவன் வந்தான். “அம்மா, நான் வந்து—”

அவ்வளவுதான் வந்தது. வேலை போயிற்றா, காகிதங்கள் சரியில்லையா, வருகிற முகம் இல்லையா, அல்லது அங்கேயே ஒரு வாழ்க்கை வேர்விட்டு அதைச் சொல்லத் தெரியவில்லையா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. என் பேனாவும் வாய் பாதி திறந்தபடி நின்றுகொண்டது.

“உங்க நெட்டும் போச்சா?” என்றாள் மனைவி. ஆனால் தோளில் கை வைத்துத்தான் சொன்னாள்.

ஆகவே நிலவரம் இதுதான். கூடத்தில் கம்பி நிற்கிறான். அம்மாள் மெஷினில் உட்கார்ந்து, அவன் பக்கம் திரும்பாமல், ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருக்கிறார். ஊசி இன்னும் இறங்கவில்லை. கண்ணாடி சுவரிலிருந்து விலகி நிற்கிறது, அதில் கம்பியும் அவன் கையிலிருக்கும் சாம்பல் நிற உறையும் தெரிகின்றன. அடுத்த ஞாயிறு வரத்தான் போகிறது.

நான் இதற்குமேல் போகப்போவதில்லை. கம்பியையும் நெடுநேரம் நிறுத்தி வைத்துவிட்டேன், அவனுக்கு அடுத்த வீடு இருக்கிறது. அவன் கையிலிருப்பதைக் கொஞ்சம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்து. உள்ளே லைனிங் இருக்கிறதல்லவா, இன்னும் சூடு ஆறவில்லை.