துரையைத் தொடக் கூடாது

பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் புது மிஷின் பூட்ட ஜெர்மனியிலிருந்து வந்திருந்தான் வெர்னர். தன் ஊரில் அவன் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன். ஹாஃப் பேக், நடு மைதானத்தில் எதிரியிடம் பந்தைப் பிடுங்கி முன்னால் அனுப்புகிற வேலை. முழங்கால் உடைந்ததும் இனி ஆடாதே என்றார் டாக்டர். கிளப்பும் கைகழுவிவிட்டது. மிஷினுக்கடியில் கூடவே படுத்து நட்டு முடுக்கிய ஒர்க்‌ஷாப் ஆள் சத்தியசீலனிடம் அரைகுறை இங்கிலீஷில் இதையெல்லாம் சொல்லியிருந்தான். சத்தியசீலனும் ஹாஃப் பேக்தான், மில் டீமில். வெறுங்கால் ஆட்டக்காரன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஸ்பின்னிங்குக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் வழக்கமான ஆட்டம். வெர்னர் ஸ்பின்னிங் பக்கம் இறங்குகிறான் என்றதும் மேனேஜர் லட்சுமணசாமி ஒர்க்‌ஷாப் ஆட்களைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தொரையை யாரும் தொடப்படாதுங்க. அவரு கீழ உழுந்தா, தள்ளிவிட்டவரு நாளைக்கு மில்லுக்கு வரவேண்டாமுங்க."

சீட்டைக் கிழிப்பதைக்கூட இத்தனை பதவிசாகச் சொல்ல எங்கள் பக்கத்து ஆட்களால்தான் முடியும்.

ஆட்டமும் அதே மரியாதையோடு நடந்தது. வெர்னர் பந்தோடு வந்தால் ஆளாளுக்கு வழிவிட்டார்கள். கோல்கீப்பர் பாலுசாமி கல்யாண வீட்டு வாசலில் நிற்பவனைப் போல ஒதுங்கி, பந்தை உள்ளே வரவேற்றான். ஜனம் கைதட்டியது. வெர்னரின் முகம் செத்துப்போயிருந்தது.

இடைவேளையில் அவன் சத்தியசீலனிடம் வந்தான். "அங்கே டாக்டர் என்னை முடித்தார். இங்கே நீங்கள் மரியாதை காட்டியே முடிக்கிறீர்கள். நீயுமா?"

சத்தியசீலனுக்குச் சுருக்கென்றது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, அது நிஜம். அந்த முழங்கால் மறுபடி உடைந்தால் என்ற பயமும் இருந்தது. ஆனால் தானும் ஒரு ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொண்டு இப்படி விலகி நிற்பதைவிட அவமானம் வேறில்லை என்று பட்டது.

அடுத்த முறை வெர்னர் வந்தபோது அவன் விலகவில்லை. குறுக்கே பாய்ந்து பந்தை அடித்தான். வெர்னர் குப்புற விழுந்தான்.

லட்சுமணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "தொரைகிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டு வெளியே போங்க."

"நான் பந்தைத்தானுங்க எடுத்தேன். மன்னிப்புக் கேக்கமாட்டேனுங்க. நாளைக்கு வேண்டாம்னா வரலீங்க. இன்னைக்கு ஆடி முடிச்சுப்போட்டுத்தான் போவேனுங்க."

வெர்னர் அதற்குள் எழுந்துவிட்டான். காலை இரண்டு தரம் உதறிப் பார்த்தான். "இவன் போனால் நானும் போகிறேன்" என்றான் மேனேஜரிடம். "விசில் ஊதச் சொல்லுங்கள்."

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே கோட்டுக்கு வெளியே போனார். விசில் ஒலித்தது. பந்து சத்தியசீலன் காலுக்கு வந்த மறுநொடி பூட்ஸ் கால் ஒன்று குறுக்கே பாய, அவன் மண்ணில் உருண்டான். கெண்டைக்காலில் ரத்தம். வெர்னர் வருத்தம் சொல்லவில்லை, கைகொடுத்துத் தூக்கவுமில்லை. பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான்.

சத்தியசீலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து துரத்தினான்.