மூன்றாவது முறை செதுக்கிய பல்

...ஐந்து, ஐந்து முகடுகள், கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு, இது மூன்றாவது மெழுகுக் கட்டி, இதையும் கிறிஸ்டோபர் சார் கட்டைவிரலால் அழுத்தி உடைத்துப் போட்டால் பவானி என்னதான் செய்வாள், போன வாரம் "இது பல்லாம்மா, பணியாரமா?" என்று கேட்டார், வகுப்பே சிரித்தது... பதினோரு மணிக்குள் இந்தக் கடைவாய்ப்பல் மதுரை பல் மருத்துவக் கல்லூரியில் அவர் மேசையில் இருக்க வேண்டும், இரண்டு மணிக்கு உடலியங்கியல் தேர்வு, திங்கட்கிழமை உடற்கூறு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று இவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அதிலும் சனிக்கிழமை, குச்சனூர் சனி கோயிலுக்குப் போகிற கூட்டம் எள்ளும் கறுப்புத் துணியுமாக உத்தமபாளையத்திலேயே பஸ்ஸில் ஏறி நெரிக்கிறது, மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு செதுக்கினால் பஸ் குலுங்குகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தி தன் இஷ்டத்துக்கு ஒரு பள்ளம் தோண்டுகிறது.

ஊருக்கு எதற்காக வந்தாள்? மாமன் மகளுக்குக் காதுகுத்து, வராவிட்டால் அம்மா ஒரு மாதம் பேசமாட்டாள். வந்தால், பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டுவிட்டு வாயைத் திறந்தார்கள், "பவானி, இங்கன பாரு, தண்ணி குடிச்சாக் கூசுது", "எனக்கு ஆடுதுத்தா, புடுங்கிறலாமா?" சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, இதுவரை தொட்டது மெழுகும் பிணமும்தான் என்று எத்தனை பேரிடம் சொல்வது... அப்பா மட்டும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே, "கவுன்சிலிங்ல இருந்த சாரே சொன்னாக, பல் டாக்டரும் டாக்டர்தான்னு." நான்கு மதிப்பெண்ணில் எம்பிபிஎஸ் போனது அவருக்கு மறந்தே போய்விட்டதா? அவளுக்கு மறக்கவில்லை. இன்று சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும், என்னால் முடியவில்லை, நின்றுவிடுகிறேன், மறுபடியும் நீட் எழுதுகிறேன்... சொன்னால் அவர் கத்தமாட்டார், "சரித்தா" என்பார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஏத்தா, அது என்ன, சோப்பா?" பக்கத்துச் சீட்டு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், வலது கன்னத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு, வார்த்தை வாய்க்குள்ளேயே உருண்டது. பல்லு, மெழுகுப் பல்லு, என்று சொல்லிவிட்டாள், சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள், இதோ, முந்தானை விலகுகிறது, வாய் திறக்கப்போகிறது, பஸ்ஸில்கூட விடமாட்டார்களா? "பல்லுக்குப் படிக்கிறியா? நாலு நாளா உசுரு போகுது தாயி, செத்த பாரேன்." பார்த்துத் தொலைத்தால் சும்மா இருப்பாள், போனில் விளக்கைப் போட்டாள். ஆனால் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கீழ்வரிசையில் முதல் கடைவாய்ப்பல், அதேதான், கறுத்துக் குழிந்து பாதி காணோம், முகடுகளைத் தேடினால் இரண்டுதான் மிச்சம், அதைவிட நாக்கு... நாக்கு ஏன் இப்படி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது? தாடைக்கு அடியில் தொட்டாள், பலகை மாதிரி இறுகியிருந்தது, சுட்டது. "காலைல என்ன சாப்பிட்டீங்க பெரியம்மா?" "தண்ணியே எறங்கலத்தா." செவ்வாய்க்கிழமை பிணவறை மேசையில் தாடைக்கடியில் தோலை விலக்கிக் காட்டினார்களே, இந்த இடைவெளி நேராகத் தொண்டைக்குப் போகிறது, இங்கே சீழ் பிடித்தால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும் என்று... அவள் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அதுதானா இது? இல்லை, புத்தகத்தில் படித்ததையெல்லாம் கண்ணில் படுகிறவர்கள் மேல் ஏற்றிப் பார்க்கிறாளா? யாரைக் கேட்பது? பஸ் நிறையப் பக்தர்கள்.

குச்சனூருக்கு இறங்க வேண்டிய சின்னமனூர் வந்தது, அந்த அம்மாள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள், "சாமி கும்பிட்டுட்டு மத்தியானம் ஆசுபத்திரி போறேன்." மத்தியானம். பவானி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. "எறங்காதீங்க பெரியம்மா. இதே பஸ்ஸு தேனி பெரியாஸ்பத்திரி வழியாத்தான் போகும், நானும் வர்றேன்." "சாமிக்கு நேந்துட்டேன்டி." "சாமி எங்கனயும் போகாது, உக்காருங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, இவள் குரலா இது, வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வராத குரல்... அந்த அம்மாள் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். தேனி தாண்டுவதற்குள் அவள் மூச்சில் ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்தது, அதையே எண்ணிக்கொண்டு வந்தாள் பவானி, நிமிடத்துக்கு எத்தனை, இருபத்தெட்டா, முப்பதா... ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கையைப் பிடித்து இறக்கிய பிறகுதான், எழுந்தபோதே மடியிலிருந்த டப்பா பல்லோடு எங்கோ உருண்டுவிட்டது தெரிந்தது, பஸ் கிளம்பியும்விட்டது. மூன்றாவது பல்லும் மதுரைக்குப் போய்விட்டது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார், உடனே ஸ்ட்ரெச்சர் கேட்டார். அரை மணி கழித்து வெளியே வந்தவர், "சீழை எடுக்கத் தியேட்டருக்குக் கொண்டுபோறோம், நல்லவேளை இப்பவே வந்தீங்க" என்றார், நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். மணி பத்து, இனி பதினோரு மணிக்குள் மதுரை போய்ச் சேர முடியாது. கிறிஸ்டோபர் சாரிடம் என்ன சொல்வது, பல்லைப் பஸ்ஸில் விட்டேன் என்றா, எந்தச் சாரும் நம்பாத சாக்கு... நர்ஸ் சீட்டை நீட்டி அந்த அம்மாளின் பெயர் கேட்டாள், அதைப் பவானி கேட்கவே இல்லை. எந்தப் பல், எத்தனை முகடு, தாடைக்கடியில் எந்தத் தசை என்று கேட்டால் சொல்வாள். ஸ்ட்ரெச்சர் பக்கம் போய்க் குனிந்தாள். "மொக்கம்மா..." என்று மூச்சுக்கு நடுவே வந்தது, ராயப்பன்பட்டியாம், மகனுக்குத் தகவல் சொல்ல ஒரு நம்பர், கடைசி இரண்டு எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாள். தள்ளிக்கொண்டு போகும்போது அந்த அம்மாள் அவள் விரலை விடவில்லை. "நாளைக்கும் வருவியா தாயி?"

"வர்றேன்" என்றாள். கதவு மூடியது. நாளைக்கு எப்படி வருவது, நாளை முழுவதும் படித்தாலும் திங்கட்கிழமைக்குக் காணாது, புதிதாக வேறு ஒரு பல்லைச் செதுக்க வேண்டும், எதற்கு அப்படிச் சொன்னாள், யார் சொல்லச் சொன்னது... ஆனால் தான் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை என்பது, அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், அவளுக்கே கொஞ்சம் எரிச்சலாகத் தெரிந்தது.