புஸ்பம் மாமி வைத்த கையெழுத்து

நூலகத்துக்குப் புதிதாக வந்திருந்த அந்தப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் புஸ்பம் மாமி பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். சுனாமியில் கடல் இழுத்தபோது சின்னவளின் கையை விட்டது தானேதான் என்று. ஊரில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி. மருமகள் முறையான தனுஷியாவிடம் மட்டும் அழுதழுது சொன்னது. அதைத்தான் அவள் தன் பட்டப்படிப்பு ஆய்வில் எழுதி விரிவுரையாளரிடம் கொடுத்திருந்தாள். இப்போது மாமியின் பெயரோடு அச்சில் கிடந்தது. அட்டையில் அந்த விரிவுரையாளரின் பெயர். தனுஷியாவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

பனி விழும் ஊர்களின் நாவல்களைத் தமிழில் வாசித்துவிட்டு, பல்கலைக்கழகம் என்றால் உண்மையைப் பற்றி விடிய விடிய வாதாடும் இடம் என்று நம்பி வந்தவள் அவள். பட்டம் பெரிதில்லை, மனிதரின் கதையைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகவேண்டும் என்று முதல் வகுப்பில் அந்த விரிவுரையாளர் சொன்னபோது, அப்படியொரு நாவலுக்குள் நுழைந்துவிட்டதுபோல இருந்தது.

அவருடைய அறைக்குப் போனாள். அவர் கோபப்படவில்லை. அலுமாரியிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் மாமியின் கோணல் கையெழுத்து.

"எல்லாம் முறைப்படிதான், தங்கச்சி. நீங்கதானே வாங்கித் தந்தீங்க."

நாலு வருசத்துக்கு முந்தி, கடலுக்கு வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமில் வாங்கியது. நிவாரணத்துக்கு, புது வீட்டுக்கு என்று தினமும் யாராவது படிவத்தோடு வருவார்கள். சனமும் வாசிக்காமலே கையெழுத்து வைக்கும்.

"இது வீட்டு லிஸ்டா புள்ள?" என்று மாமி கேட்டாள்.

கையெழுத்தில்லாமல் ஆய்வை ஏற்கமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றுதான் கடைசி நாள்.

"வையுங்க மாமி," என்றாள் தனுஷியா.

மறுகிழமை வீட்டுக்கு உண்மையாகவே பெயர் பதிய வந்தார்கள். தான் முந்தியே பதிந்தாயிற்று என்று மாமி வரிசையில் நிற்கவில்லை.

தனுஷியா படிவத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் வாவிப் பாலத்தைக் கடந்தபோது, யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி இன்னும் தகரக் கொட்டிலில்தான். வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தவள், தனுஷியாவின் கையிலிருந்த புத்தகத்தைக் கண்டதும் அவசரமாகக் கையைக் கழுவிச் சேலையில் துடைத்தாள்.

"என்ன புள்ள, அந்த லிஸ்ட் வந்திட்டா? தா பாப்பம்."

தனுஷியா வாய் திறப்பதற்குள் மாமி புத்தகத்தை வாங்கிவிட்டாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எழுத்துக்கூட்டி, ஈரம் காயாத விரலை மேலிருந்து கீழே நகர்த்தித் தன் பெயரைத் தேடத் தொடங்கினாள்.