இரண்டாவது குவியல்

வாரத்தில் ஆறு நாள் ஜாக்கெட் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டாரட் கார்டு பார்த்துப் பலன் சொல்கிறேன். திண்டிவனத்தில் ஜெயம் டெய்லர் என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். யூடியூபில் ஜெயம் டாரட் என்றால் பதினோராயிரம் பேருக்குத் தெரியும். இதில் எது நிஜமான பிழைப்பு என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், கேட்காதீர்கள்.

செய்வது இதுதான். கார்டுகளைக் கலைத்து மேஜையில் மூன்று குவியலாக வைப்பேன். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொருள். பார்க்கிறவர்கள் மனசுக்குப் பட்ட குவியலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான் சொல்வதுதான் அவர்களுடைய வாரப் பலன். மற்ற சேனல்காரிகள் பளபளக்கிற கல்லெல்லாம் வைக்கிறார்கள். நான் நூல்கண்டு, பொத்தான், கொறிக்க வைத்திருந்த மல்லாட்டைக் கடலை என்று கைக்குக் கிடைத்ததை வைப்பேன்.

அந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயம், கடந்த காலத்தில் எடுத்த முடிவுகள். முதல் குவியலில் நூல்கண்டு, மூன்றாவதில் பொத்தான் வைத்தேன். இரண்டாவதில் ஒரு குழந்தை வளையலை வைத்தேன். கறுப்பும் வெள்ளையுமாக நானே மணி கோத்தது. வெள்ளை மணி குறைந்ததால் நடுவில் ஒரு பச்சை மணி இருக்கும். தையல் டப்பாவின் அடியில் பத்தொன்பது வருஷமாகக் கிடந்தது. ஏதோ கையில் அகப்பட்டது, வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தேடி எடுத்துத்தான் வைத்தேன்.

அந்தக் குவியலுக்கு வந்த கார்டில், எட்டுக் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு போவான். "மத்தவங்க வற்புறுத்தி எடுக்க வெச்ச முடிவுக்கு நீங்க உங்களையே தண்டிச்சுக்காதீங்க" என்று குரலைக் குழைத்துச் சொன்னேன். நிறையப் பேர் அழுததாக எழுதியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வீடியோவுக்குக் கீழே இன்னொரு வரி வந்திருந்தது. 'அத்தை, இந்த வளையலுக்கு ஜோடி எங்க வீட்டு பீரோவுல இருக்கு. அதே பச்சை மணி.' எழுதியவள் வெண்ணிலா.

வெண்ணிலா என் வீட்டுக்காரரின் அக்கா சித்ராவின் மகள். விழுப்புரத்தில் இருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெற்றவள் நான். சித்ரா அண்ணிக்கு மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் தங்கவில்லை. என்னுடைய இரண்டாவது பெண்ணை ஒரு மாசக் குழந்தையாக அவள் கொண்டுபோனாள். வெளியே சொல்வதில்லை என்று பேச்சு. கேட்பவர்களிடம் அண்ணி தன் பிள்ளை என்றாள். என் வீட்டுக்காரர் திருமுருகன் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. வாயை அடக்க முடியாதவள் நான்தான், அதுவும் ஒரு வளையலை வைத்து.

சனிக்கிழமை காலையில் அவளே வந்து நின்றாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் மூக்கு, என் நெற்றி. எத்தனையோ கல்யாணத்தில் பார்த்த முகம்தான், அன்றைக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சாப்ட்டியா?" என்றேன். வேறு என்ன கேட்பது.

"ஆச்சு அத்தை." பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வளையலை மேஜையில் வைத்தாள். என்னுடையதும் அங்கேதான் கிடந்தது. "உங்க வீடியோவை அம்மாகிட்ட காட்னேன். ரெண்டு நாளு சோறு துன்னலை. அப்புறம் சொல்லுச்சு."

"என்னன்னு?"

"எல்லாத் தப்பும் அதோடதுதானாம். நீங்க குடுக்க மாட்டேன்னு அழுதீங்களாம். அதுதான் உங்க கால்ல வுழுந்து, மாமாகிட்ட சண்டை போட்டு, என்னைப் புடுங்கிக்கினு வந்துச்சாம். அத்தை மேல கோவப்படாத, கோவம் இருந்தா என் மேல காட்டுன்னுது." என் முகத்தைப் பார்த்தாள். "நெசமா அத்தை?"

நிஜமில்லை. அண்ணி கேட்கவே இல்லை. எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்து, கேப்பைக் கூழ் காய்ச்சிக் கொடுத்து, என் துணியையெல்லாம் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் காய்ச்சல். மூத்தவள் ஒன்றரை வயசு, இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். சின்னது ஓயாமல் கத்தியது. ஒரு மத்தியானம் அதைத் தூக்கி அண்ணி மடியில் போட்டேன். "நீங்களே எடுத்துக்கினு போங்க அண்ணி, என்னால ஆவாது" என்றேன். அவள் சிரித்தாள். மூன்றாவது தடவை சொன்னபோது சிரிப்பை நிறுத்திக் குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். துணிமணியை நானேதான் மூட்டை கட்டினேன். அவர்கள் போன அன்று நான் நன்றாகத் தூங்கினேன். இதை எந்தக் கார்டிடமும் சொன்னதில்லை.

இப்போது ஒரு 'ஆமாம்' போதும். இந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், அம்மா என்றுகூடக் கூப்பிடுவாள். பழியை அண்ணி தன் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு வழி விட்டிருக்கிறாள். எனக்கு அந்த 'ஆமாம்' அவ்வளவு வேண்டியிருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. பத்தொன்பது வருஷம் இவளுக்குக் கண்முழித்தவள் விழுப்புரத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்பதும் ஞாபகம் வந்தது.

"இல்லை வெண்ணிலா. உங்கம்மா கேக்கவே இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை. நான்தான் வாணாம்னு குடுத்தேன்."

மேஜையில் கிடந்த இரண்டு வளையலையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கு அழுதீங்களா?"

"அன்னிக்கு அழலை."

அதற்குப் பிறகு எத்தனை நாள் அழுதேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதைச் சொல்லி எதை வாங்கப் போகிறேன்?

எழுந்து இரண்டு வளையலையும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டினாள். "இதை ரெண்டையும் அம்மாகிட்ட குடுத்துடறேன். நான் திரும்பி வர மாட்டேன்னு பயந்துக்கினு வாசல்லயே நின்னுக்கினு இருக்கும். ஜல்தியா போவணும்." படியில் இறங்கித் திரும்பினாள். "வர்றேன் அத்தை."

அத்தை என்றுதான் சொன்னாள். வலித்தது. வலிக்கட்டும் என்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். ஊசி கோக்க நாலு தடவை ஆயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல மூன்று குவியல் வைத்தேன். இரண்டாவதன் மேல் வைக்க ஒன்றும் இல்லை. போனை எதிரே நிமிர்த்தி வைத்துப் பேச ஆரம்பித்தேன்.

"போன வாரம் இந்த ரெண்டாவது குவியலை எடுத்தவங்களுக்கு ஒன்னு தப்பா சொல்லிட்டேன். மத்தவங்க வற்புறுத்தினாங்கன்னு சொன்னேன் இல்லையா? யாரும் வற்புறுத்தலை."

கார்டைத் திருப்பாமலே பதிவை நிறுத்தினேன். வீடியோவை அப்படியே போட்டேன்.