கண்டுக்காம ஓட்டுங்க, மாப்ளே

பட்டறையில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு, நாடி பிடிப்பதைப் போல ஸ்கேனர் வயரைச் செருகுவான். திரையில் பழுதின் குறியீட்டு எண் வரும்; பட்டறையில் அதற்குக் 'கோடு' என்று பெயர். அதைப் பார்ப்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்பான். மற்ற இடங்களில் கோடு எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டி அனுப்புவார்கள். டாக்டர் அப்படிச் செய்ய மாட்டான். "கோடுங்கறது வயித்து வலி மாதிரி. வலிக்குதுன்னு வயித்தையா மாத்துவே? என்னத்தைத் தின்னேன்னு கேளுடா" என்பான்.

தொழிலில் கெட்டிக்காரன். அதை அவனுடைய எதிரிகள்கூட ஒத்துக்கொள்வார்கள். ஆனால் நாக்கு தேள்கொடுக்கு. வண்டி முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று பதறிக்கொண்டு வருகிறவரைப் பட்டறை நடுவில் நிற்கவைத்து, நாலு பேர் சிரிக்கும்படி ஏதாவது சொல்லாமல் விட மாட்டான். வேலையாட்களும் சிரிப்பார்கள். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

அவனுக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் அவன்தான். அவள் ஒருநாள் ஒருவரைக் கூட்டிவந்து, "அண்ணா, இவர்தான்" என்றாள். டாக்டர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினான். ஆனால் தன்னைக் கேட்காமல் தேர்ந்தெடுத்துவிட்டாளே என்ற கறுவல் மீன்முள்ளைப் போலத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்த்தார். மெழுகில் பல் பல்லாகச் செதுக்கி, ஈறின் சிவப்பைச் சரிபார்த்து, கிழவர்களும் கிழவிகளும் மறுபடி கடித்துத் தின்னும்படி செய்து கொடுப்பார். மெல்லிய விரல்கள். பேச்சும் அப்படித்தான், பக்கத்தில் குழந்தை தூங்குவதைப் போலப் பேசுவார். "எங்க மாப்பிள்ளை ஊரார் வாய்க்கெல்லாம் வேலை செய்யறவர். அவருக்குத்தான் வாயே இல்ல" என்பான் டாக்டர். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிப்பார். மச்சான் கேலி செய்வதும் மாப்பிள்ளை பொறுத்துக்கொள்வதும் உலகத்தில் இல்லாததா?

இப்படி இருக்கும்போது மாப்பிள்ளை ஒரு பழைய கார் வாங்கினார். தெரிந்த பல் வைத்தியர் ஒருவர் விற்ற வண்டி. வாங்கி, கழுவி, தங்கையையும் உட்காரவைத்து நேராகப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். மச்சானுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறாராம்.

டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தான். நல்ல வண்டி. பார்த்ததும் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்ளே."

"உங்களுக்கு ஏன் சிரமம்னுதான் மச்சான்."

"சிரமமா? எனக்கா?" என்று சிரித்தான். "சரி, விட்டுட்டுப் போங்க. ஆயில் மாத்தி வைக்கறேன்."

அன்றைக்கு ஆயிலை மாற்றினான். கூடவே பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகி எடுத்து, அதன் உள்பக்கத்து ரப்பர் வளையத்தை பிளேடால் ஓர் இடத்தில் கீறிவிட்டு மறுபடி மூடினான். வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. டேங்கிலிருந்து ஆவி கசியும். அதைக் கண்டுபிடித்து, முகப்பில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

அந்த வாரமே விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை வெளிறிப்போய் வந்து நின்றார். டாக்டர் ஸ்கேனரைச் செருகினான். திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"மாப்ளே, வண்டிக்கு வாயுத் தொல்லை."

பட்டறையே சிரித்தது. கோடை அழித்தான், விளக்கு அணைந்தது. அடுத்த வாரம் மறுபடி எரிந்தது. பிறகு ஒரு நல்ல நாளாகப் பார்த்து மூடியை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் பிளக்கை அரைகுறையாக இழுத்துவிட்டான். அது சரியானதும் வேறொன்று. விரலால் செய்கிற சின்ன வேலைகள்.

மாப்பிள்ளை ரோட்டை ஒரு கண்ணாலும் முகப்பை ஒரு கண்ணாலும் பார்த்து ஓட்டினார். தங்கை முதலில் பரிந்து பேசினாள், பிறகு அலுத்துக்கொண்டாள். "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஒரு ஓட்டையைத் தலைல கட்டியிருப்பாங்களா?" அவள் அப்படிச் சொன்னதை மாப்பிள்ளையே டாக்டரிடம் வந்து சொன்னார், ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்து. டாக்டருக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

ஆனால் மெழுகில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் மாப்பிள்ளைக்கு. தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய மூடியின் ரப்பர் வளையத்தை ஒருநாள் லேபில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். தேய்ந்து கிழிந்தால் ஓரம் பிசிறும். இது வெட்டு. நேராக, சுத்தமாக.

தங்கையையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வளையத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மச்சான், இது பிளேடு வெச்ச மாதிரி இருக்கே?"

வேலையாட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். பட்டறையில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் வளையத்தைக் கையில் வாங்காமலே பார்த்தான். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"அட, கண்டுபிடிச்சிட்டாருப்பா! மச்சான்காரன் விளையாடாம வேற யாரு மாப்ளே விளையாடுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டாள். "இத்தனை நாளா இதுக்கா நீங்க தூங்காம கெடந்தீங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையை மூடிக்கொண்டார். அவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் இழுபட்டது.

அதன் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. விளக்கு எரிந்தாலும் பொருட்படுத்தவில்லை. சில சமயம் பழைய பிளக்கின் குறும்பால் அதுவாக எரியும், அதுவாக அணையும். "உங்க அண்ணன் வந்து உக்காந்திருக்கார்" என்பாராம் தங்கையிடம், முகப்பைக் காட்டி.

அது கோடைக்காலம். ஒரு நாள் முற்பகலில் டாக்டரின் போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ். போனை பெஞ்சின்மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"மச்சான், இப்ப எதைப் புடுங்கி வெச்சிருக்கீங்க?" மாப்பிள்ளையின் குரலில் அதுவரை கேட்டிராத ஒரு கசப்பு இருந்தது. "வண்டி உதறுது. விளக்கு கண்ணடிக்குது."

"கண்ணடிக்குதா? நின்னு எரியலையா?"

"விட்டு விட்டு எரியுது. மேட்டுல ஏறவே மாட்டேங்குது. கிளினிக்ல செட்டு குடுக்கணும், போய்ட்டிருக்கேன். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தீங்களே, அப்பத்தானே கை வெச்சீங்க?"

போன ஞாயிறு டாக்டர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. விளக்கு நின்று எரிந்தால் நேரம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கண்ணடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அது உலைக்களத்து இரும்பாகப் பழுத்துவிடும். இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடமாகச் சொல்கிறவன் அவன்.

வேலையாட்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லப்போகிறான், எப்போது சிரிக்கலாம் என்று காத்திருந்த முகங்கள். இன்ஜின் கெடட்டும், என்ன போயிற்று, கடைசியில் இங்கேதானே இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததற்கும் சொன்னதற்கும் நடுவே இடைவெளியே இல்லை.

"ஆமா, நான்தான். கண்டுக்காம ஓட்டுங்க, மாப்ளே."

சிரிப்பு வெடித்தது. மறுமுனையில் ஒரு பெருமூச்சு, பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

கையைத் துடைத்துக்கொண்டபோது டாக்டருக்கு மனம் உறுத்தியது. திரும்பக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம் என்று போனை எடுத்தான். அதற்குள் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவரைத் திட்டப் போய்விட்டான்.

மாப்பிள்ளை எப்படியோ கிளினிக் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டார். வாசலில் இடமில்லாததால் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தியிருக்கிறார். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். வைத்தியர் வந்துவிட்டாரா என்று கேட்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், பழுத்துக் கிடந்த குழாய் பட்டு வண்டிக்கு அடியில் புல் பற்றிக்கொண்டது. பின்சீட்டில் பெட்டி இருந்தது. மாதக்கணக்காகச் செதுக்கிய பற்கள். அவற்றுக்காகக் கிழவர்கள் உள்ளே வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று ஆட்கள் கத்தக் கத்த ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். பெட்டியின் பிளாஸ்டிக் உருகி இரண்டு கைகளிலும் ஒட்டிக்கொண்டது. அப்படியும் அதை அவர் கீழே போடவில்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஓடினான். கட்டிலில் மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். இரண்டு கைகளும் தலையணை பருமனுக்குத் துணிக்கட்டு. தங்கை அவனைக் கண்டதும் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அந்த வண்டி வேண்டாம்னு நீ அன்னைக்கே நெனச்சே இல்ல அண்ணா? நாங்கதான் உன்னைக் கேக்கல."

டாக்டர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "விடும்மா. யாருக்குத் தெரியும், இப்படி ஆகும்னு" என்றான். தலையைத் தூக்கியபோது மாப்பிள்ளையின் கண் திறந்திருந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று டாக்டருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. அவர் சொல்லவில்லை. "தண்ணி" என்று மட்டும் கேட்டார். தங்கை டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள்.

டாக்டர் தப்பித்தேன் என்று வெளியே வந்தான். அந்த நிம்மதி அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் இருந்தது.

அவளிடம் சொன்னவர் பெயின்டர். பட்டறை வேலையிலிருந்து நின்றுவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவில் அவளை உட்காரவைத்து, போனில் கேட்டதை வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டார். தானும் சிரித்ததையும் சேர்த்து.

மறுநாள் தங்கை பட்டறைக்கு வந்தாள். சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணடிச்சா நிறுத்தணும்னு உனக்குத் தெரியுமா?"

"விளையாட்டுக்குச் சொன்னதும்மா..."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

வேலையாட்கள் ஒவ்வொருவராக வண்டிகளுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

"வலது கைல ரெண்டு விரல் ஒண்ணா ஒட்டிடும்னு சொல்றாங்க. இடது கைய பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல. இனிமே அவரால ஒரு பல்லுகூடச் செதுக்க முடியாது." அவள் குரல் கணக்கு ஒப்பிப்பதைப் போல இருந்தது. "அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பறாங்க. நான் மருந்துக்கடை வேலைய விட முடியாது. மத்தியானம் அவருக்கு ஊட்டிவிட ஆள் வேணும்."

"நல்ல நர்ஸா பாத்து நான் ஏற்பாடு..."

"நீ வரணும்."

டாக்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு இங்க நின்னு நானும்தான் சிரிச்சேன். காலைலயும் ராத்திரியும் என் பங்கு. மத்தியானம் உன் பங்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அண்ணா என்ற வார்த்தை அன்று அவள் வாயில் வரவில்லை. பிறகும் வரவில்லை.

"அவரு கேட்டாரா?" என்று பின்னாலேயே போய்க் கேட்டான்.

"அவருக்குப் பிடிக்காது. அதுக்கென்ன? பசின்னு ஒண்ணு இருக்கே."

முதல் நாள் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கரண்டியை அவர் உதட்டருகே பிடித்து, கை கடுக்கும்வரை நின்றான். பிறகு தட்டை மூடிவைத்துவிட்டுப் போனான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்தார். ஒரு வாய் விழுங்கியதும் கண்ணோரம் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையில்லை. டாக்டர்தான் துடைக்க வேண்டியிருந்தது. அவன் விரல் பட்டதும் அவர் உடம்பு சுருங்கியது.

"மாப்ளே, நான் வேணும்னு..."

"பேசாதீங்க" என்றார் மாப்பிள்ளை, அதே மெல்லிய குரலில். "ஊட்டறதுன்னா ஊட்டுங்க."

பட்டறை நடந்தது. விளக்கு எரியும் வண்டிகள் வந்தன. டாக்டர் வயரைச் செருகினான், கோடைப் பார்த்தான், என்ன செய்ய வேண்டும் என்று சொன்னான். பழக்க தோஷத்தில் ஒருமுறை ஏதோ கேலியாகச் சொல்லிவிட்டு வேலையாட்களைப் பார்த்தான். அவர்கள் குனிந்து ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் மட்டும் அவமானத்தோடு நின்றார்.

சொன்னபடியே வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. இடது கை மடங்கியே நின்றுவிட்டது. லேபிலிருந்து வந்து பார்த்தார்கள், பழம் வைத்துவிட்டுப் போனார்கள், பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தார். டாக்டர் மத்தியானந்தோறும் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனான். அப்படியும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அந்தக் கருப்பு தன் வாயருகே வருவதை மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

ஒருநாள் பட்டறையில் வேலை இழுத்துவிட்டது. டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்து தட்டை எடுத்தான். மாப்பிள்ளை வெகுநேரமாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. சாப்பாடு எட்டாத தூரத்தில் ஆறிக்கிடந்தது. முழுவதையும் தின்று முடித்தார். டாக்டர் அவர் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தபோது முதல் முறையாக மாப்பிள்ளை தாமாகப் பேசினார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க மச்சான். பசிக்குது."

டாக்டர் சரி என்றான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நின்று கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.