கை நனைக்க வந்தவன்

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது முத்துக்குமரன் வெறும் வயிற்றோடுதான் ஏறினான். நடுவழியில் இறங்க முடியாத பயணமென்றால் அவன் சாப்பிடுவதில்லை. புண் இல்லை, கட்டி இல்லை; பதற்றம் வந்தால் குடல் கட்டுக்கு அடங்காது, அதுதான் வியாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெங்காயம், பூண்டு, பயறு, பால் ஆகாது. தினமும் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து மூச்சைக் கவனிக்க வேண்டும்.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், மாமியார் வீட்டில், அன்று அவன் மனைவி ரோகிணிக்கு வருஷப் படையல். டெங்குவில் போனவள். படையல் முடிந்ததும் புருஷன் அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். நனைத்தால் பெண் போனாலும் உறவு நிற்கிறது. நனைக்காமல் எழுந்தால் அறுத்துக்கொண்டு போகிறான் என்று பொருள். அவனுக்கு அறுத்துக்கொள்ள மனமில்லை. அவள் பேரைச் சொல்லிப் பேச அவனுக்கு வேறு வீடு கிடையாது.

இலை போட்டார்கள். மாமியார் பாண்டியம்மாள் மொச்சைக் குழம்பை ஊற்றினாள். சோற்றின் மேல் பூண்டு முழுசு முழுசாக உருண்டது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அவன் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, மூச்சை மெல்ல இழுத்தான்.

"பாவம், அவளை நெனச்சு உருகுறாரு," என்றாள் ரோகிணியின் சின்னம்மா.

அவன் காது சுட்டது. கக்கூஸ் எந்தப் பக்கம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்து, பையிலிருந்த டப்பாவை எடுத்தான். வெறும் சோறும் வேகவைத்த கேரட்டும். மூடியைத் திறந்த பிறகுதான் பந்தியே அடங்கிப்போனது தெரிந்தது. அந்தத் தெருவுக்குச் சொந்தச் சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் எந்தச் சாதி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் வளர்ந்ததும் அப்படியொரு தெருவில்தான்.

ரோகிணியின் அண்ணன் முத்திருளன் செம்பை நகர்த்தி வைத்தான். "எங்க வீட்டுத் தண்ணியாச்சும் குடிப்பீகளா மாப்ள? இல்ல, அதுவும் கொண்டாந்திருக்கீகளா?"

"அப்படியில்ல மச்சான்."

"எங்கிட்டோ பொண்ணு பாத்துட்டீக போல. சொல்லிட்டே போகலாம்ல."

பாண்டியம்மாள் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் அப்படியே நின்றது.

அவன் டப்பாவை மூடினான். மொச்சையைப் பிசைந்து அள்ளித் தின்றான். மறுசோறும் கேட்டு வாங்கினான். முகம் வேர்த்தது. மோர் வருவதற்குள், எச்சில் கையோடு பின்வாசலுக்கு ஓடினான்.

கக்கூஸில் பாதி இடம் விறகு. தகரக் கதவு சரியாகச் சாத்தவில்லை. சத்தம் பந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வாளி வைக்கும் ஓசை. "தண்ணி வச்சிருக்கேன்," என்றாள் பாண்டியம்மாள். "கொழம்பு ஏதும் கெட்டுப்போச்சா மாப்ள?"

யார் முகத்தையும் பார்த்துச் சொல்லாததைக் கதவைப் பார்த்துச் சொன்னான். "கொழம்பு நல்லாத்தான் இருக்கு அத்தை. எனக்குத்தான் குடல் வியாதி. பூண்டு, பயறு சேராது. சொல்ல அசிங்கமா இருந்துச்சு."

"ரோகிணிக்குத் தெரியுமா?"

"தெரியும். அவதான் பாத்துப் பாத்து ஆக்குவா."

"எங்கிட்டக்கூட மூச்சு விடல பாருங்க," என்றாள். பிறகு அவள் குரல் வீட்டுக்குள் கேட்டது. "டேய் முத்திருளா, வாய மூடு. மாப்ளைக்கு வயித்தால போகுது. பூண்டு போடாம மொளகுத்தண்ணி வைக்கிறேன். யாரும் எந்திரிக்காதீக."

தெருவுக்கே கேட்டது. அவன் கால் கழுவிவிட்டு, கதவைப் பிடித்தபடி உள்ளேயே நின்றான். வேறு வழி இல்லாமல் வெளியே வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் அவனைப் பார்க்கவும் இல்லை.

முத்திருளன் புது இலையைப் பின்வாசல் ஓரமாக விரித்தான். "இங்கன உக்காருங்க மாப்ள," என்றான். "அவசரத்துக்குக் கிட்டக்க."